பெயர், பட்டம், ஆண்டு: மறைந்த மெதடிஸ்ட் இறையியல் பட்டதாரிகளை நினைவுகூர்தல்



செத்தவரைப் புதைக்கும் பாதைக்காகவும் போராட வேண்டியிருந்த மக்கள் நாம். ஊர்த்தெரு வழியாகச் சேரிப் பிணம் போகக்கூடாது என்று மறித்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. சாதி இல்லை என்று சொல்லும் மதத்துக்குள் போன பிறகும் இது முழுதாக மாறிவிடவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கல்லறைகளையும் மற்றவர் கல்லறைகளையும் பிரித்து எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி இங்குள்ள பலருக்கும் தெரியும். ஆகவே இறந்தவர்களை யார் நினைவுகூர்கிறார்கள், என்ன சொல்லி நினைவுகூர்கிறார்கள் என்பது நமக்கு அரசியல் கேள்வி.

இந்த ஆண்டுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவின் மெதடிஸ்ட் இறையியல் கல்லூரிகளில் படித்துப் பட்டம் பெற்று மறைந்த சிலரின் வாழ்க்கையைப் பேசப் போகிறோம். நிறத்தின் பேராலும் பாலினத்தின் பேராலும் ஒதுக்கப்பட்டவர்களை ஒரு திருச்சபை எப்படிப் படிக்க வைத்தது, எப்படி வெளியே நிறுத்தியது, இறந்த பின் எப்படித் தன்னவர் என்று சேர்த்துக்கொண்டது என்பதை அவர்கள் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. நம் போதகர்களையும் உபதேசியார்களையும் நாம் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அதில் பாடம் இருக்கிறது.

1. நான்கு வரிகள்

கல்லூரிகள் தங்கள் பழைய மாணவர்களில் மறைந்தவர்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுவது வழக்கம். இறையியல் கல்லூரிகளும் அப்படியே. பெயர், பட்டம் பெற்ற ஆண்டு, மறைந்த ஆண்டு, அவ்வளவுதான் இருக்கும். அப்படிப்பட்ட பட்டியலின் வடிவில் நாமே நான்கு வரிகளை எழுதிப் பார்ப்போம்.

ஆனா ஹோவர்ட் ஷா. பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் பள்ளி, 1878. மறைவு 1919.
ஜே. டபிள்யூ. இ. போவன். பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் பள்ளி, 1885. மறைவு 1933.
ஜேம்ஸ் லாசன். பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் பள்ளி, 1960. மறைவு 2024.
ஜேம்ஸ் கோன். கேரட் இறையியல் கல்லூரி, 1961. மறைவு 2018.

நான்கும் உண்மை. ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த வரிகளை மட்டும் படிக்கும் ஒருவர், கல்லூரி இவர்களை வரவேற்றது, படிக்க வைத்தது, பட்டம் கொடுத்தது, அவர்கள் பணிசெய்து முதிர்ந்து இறந்தார்கள் என்றே நினைப்பார். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மூடிய கதவு இருப்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கதவுகளைத்தான் இன்று திறந்து பார்க்கிறோம்.

அதற்கு முன் மெதடிஸ்ட் திருச்சபையைப் பற்றிச் சிறு குறிப்பு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய இயக்கம் இது. வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்து 1774இல் நூலே எழுதினார். ஆனால் அமெரிக்காவில் அதே சபை அடிமைகளை வைத்திருந்தவர்களையும் உறுப்பினராகக் கொண்டு வளர்ந்தது. வெள்ளையர் நடத்திய அவமதிப்பைப் பொறுக்காத கறுப்பு மெதடிஸ்டுகள் ரிச்சர்ட் ஆலன் தலைமையில் வெளியேறி 1816இல் தனித் திருச்சபை அமைத்தார்கள். 1844இல் ஒரு பேராயர் அடிமைகளை வைத்திருக்கலாமா என்ற கேள்வியில் வெள்ளைச் சபையே வடக்கு, தெற்கு என்று பிளந்தது. அது மீண்டும் இணைந்த கதைக்குப் பிறகு வருவோம்.

2. 1878: பட்டம் உண்டு, பதவி இல்லை

ஆனா ஹோவர்ட் ஷா வெள்ளைப் பெண். இங்கிலாந்தில் பிறந்து, மிச்சிகன் காட்டுப் பகுதியில் ஏழைக் குடியேறிக் குடும்பத்தில் வளர்ந்தவர். பாஸ்டன் இறையியல் பள்ளியில் அவர் வகுப்பில் பெண் அவர் ஒருவரே. ஆண் மாணவர்களுக்குக் கிடைத்த இலவசத் தங்குமிடம் அவருக்கு இல்லை. பட்டினியோடு படித்த நாட்களை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1878இல் பட்டம் பெற்றார். 1880இல் தன்னைப் போதகராக அபிஷேகம் செய்யும்படி கேட்டபோது அவருடைய சபை மறுத்தது. அவருக்கு முன்பே அதே பள்ளியில் பட்டம் பெற்ற ஆனா ஆலிவருக்கும் அதே பதில்தான். ஷா வேறொரு சிறிய மெதடிஸ்ட் பிரிவுக்குப் போய் அதே ஆண்டு அபிஷேகம் பெற்றார்.

படிக்கலாம், பட்டம் வாங்கலாம், பீடத்தில் நிற்கக்கூடாது. கல்வி தருவதும் அதிகாரம் தருவதும் வேறு வேறு என்பதை நம் மாணவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபை பெண் போதகர்களுக்கு முழு உரிமை கொடுத்த ஆண்டு 1956. ஷா இறந்து 37 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஷாவின் கதையை இங்கேயே நிறுத்தினால் நாமும் பட்டியல் எழுதுபவர்களாகிவிடுவோம். அவர் 1904 முதல் 1915 வரை அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவராக இருந்தார். தென்மாநில வெள்ளையரின் ஆதரவை இழக்கக்கூடாது என்பதற்காகக் கறுப்புப் பெண்களை ஓரங்கட்டிய சங்கம் அது. 1913இல் வாஷிங்டனில் நடந்த பெரும் ஊர்வலத்தில் கறுப்புப் பெண்களைப் பின்வரிசையில் வரச் சொன்னார்கள். கறுப்புப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அதை ஏற்காமல் தன் மாநில அணியோடு நடந்தார். ஒரு கதவு மூடப்பட்டவர் இன்னொரு கதவு மூடப்படும் இடத்தில் தலைமையில் இருக்கலாம். இரண்டையும் எழுதுவதுதான் நேர்மையான நினைவுகூர்தல்.

3. 1885: அடிமையாகப் பிறந்து முனைவரானவர்

ஜான் வெஸ்லி எட்வர்ட் போவன் 1855இல் நியூ ஆர்லியன்ஸில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தவர். தச்சரான தந்தை பணம் கொடுத்துக் குடும்பத்தை மீட்டார். மகனுக்குச் சபை நிறுவனரின் பெயரையே வைத்தார்கள். அந்த மகன் பாஸ்டனில் 1885இல் இறையியல் பட்டமும் 1887இல் முனைவர் பட்டமும் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவரான முதல் கறுப்பர் அவர்.

பிறகு அட்லாண்டாவில் கறுப்புப் போதகர்களைப் பயிற்றுவிக்க 1883இல் தொடங்கப்பட்ட காமன் இறையியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1906இல் அதன் தலைவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தெருத்தெருவாகத் தேடிக் கொன்றன. போவன் கல்லூரியைத் திறந்துவிட்டு ஓடிவந்த மக்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். போலீஸ் அவரை அடித்தது. முனைவர் பட்டமும் கல்லூரித் தலைவர் பதவியும் அவர் மேல் விழுந்த அடியைத் தடுக்கவில்லை. சாதிக் கலவரங்களின்போது வாத்தியாரும் வக்கீலும் சேரிக்காரராக மட்டுமே பார்க்கப்படுவதை அறிந்த நமக்கு இது புதிய செய்தி அல்ல.

பேராயர் தேர்தலில் போவன் பெயர் பலமுறை வந்தது. ஒருமுறையும் அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அந்தச் சபை அதுவரை கறுப்பரைப் பேராயராக்கியது ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்புவதற்காக மட்டுமே. அமெரிக்காவுக்குள் பணியாற்றக் கறுப்புப் பேராயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 1920இல்தான். அவர்களில் ஒருவரான ராபர்ட் இ. ஜோன்ஸ், போவன் கற்பித்த காமன் கல்லூரியின் பட்டதாரி.

பிளந்த சபைகள் மீண்டும் இணைந்த கதையை இப்போது சொல்ல வேண்டும். 1939இல் வடக்கும் தெற்கும் ஒன்றாயின. தென்மாநில வெள்ளையர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நாட்டின் மற்ற சபைகள் எல்லாம் நிலப்பகுதி வாரியாக ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்படும். கறுப்பர் சபைகள் மட்டும், எந்த ஊரில் இருந்தாலும், 'மத்திய மண்டலம்' என்ற ஆறாவது மண்டலத்தில் சேர்க்கப்படும். ஐந்துக்கு எல்லை நிலம், ஆறாவதற்கு எல்லை தோல். 1936இல் இந்தத் திட்டம் வடக்குச் சபையின் பொதுமாநாட்டுக்கு வந்தபோது கறுப்புப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஆனாலும் நிறைவேறியது. போவனின் மகன் 1948இல் பேராயரானார், ஆனால் அந்த ஆறாவது மண்டலத்துக்கு. அப்பனுக்குக் கிடைக்காத பதவி மகனுக்குச் சேரிக்குள் கிடைத்தது என்று நம் மொழியில் சொல்லலாம். 1968இல்தான் அந்த மண்டலம் கலைக்கப்பட்டது.

ஊரும் சேரியும் என்ற அமைப்பை ஒரு நவீனத் திருச்சபை விதிமுறையாக எழுதி, வாக்கெடுத்து, 29 ஆண்டுகள் நடத்தியது. காமன் கல்லூரியில் பட்டம் பெற்று அந்த ஆண்டுகளில் பணிசெய்து மறைந்த போதகர்களின் பெயரைப் பட்டியலில் படிக்கும்போது, அவர்கள் எந்த மண்டலத்தில் பணிசெய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

4. 1960: ஒரு கல்லூரி துரத்தியது, இன்னொன்று பட்டம் கொடுத்தது

ஜேம்ஸ் லாசன் 1928இல் பிறந்தவர். தந்தையும் தாத்தாவும் மெதடிஸ்ட் போதகர்கள். கொரியப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவப் பதிவுக்கு ஒத்துழைக்க மறுத்து 1951இல் சிறை சென்றார். இறையியல் மாணவர் என்று சொல்லி விலக்குக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சிறையிலிருந்து வந்ததும் மெதடிஸ்ட் மிஷன் ஊழியராக இந்தியா வந்து, 1953 முதல் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் பணிசெய்தார். மாண்ட்கோமரி நகரில் கறுப்பர்கள் பேருந்தைப் புறக்கணித்த செய்தியை அவர் படித்தது நாக்பூர்ப் பத்திரிகை ஒன்றில்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். லாசனின் இந்திய ஆண்டுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் காந்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லாசனும் காந்தியத்தைக் கற்கவே வந்தார் என்பது உண்மை. அதை நாம் மாற்றி எழுத முடியாது. ஆனால் நாக்பூர் என்ற பெயர் நமக்கு வேறொன்றையும் சொல்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது அதே நகரில். லாசன் அதற்குள் அமெரிக்கா திரும்பியிருந்தார். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒடுக்கப்பட்டோர் விடுதலையின் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோயின. அமெரிக்கக் கறுப்பர் போராட்டத்துக்கு இந்தியா கொடுத்தது காந்தியை மட்டுமே என்று எழுதுபவர்களிடம், அந்த இந்தியாவுக்குள் இன்னொரு நாக்பூர் இருந்தது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

லாசன் 1957 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். படிப்பு முடியும்வரை காத்திராமல் உடனே தெற்கே வரும்படி கிங் கேட்டுக்கொண்டார். லாசன் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் இறையியல் பள்ளியில் சேர்ந்தார். தெற்கு மெதடிஸ்ட் சபையால் தொடங்கப்பட்டு 1914இல் அந்தப் பிணைப்பிலிருந்து விலகிய பல்கலைக்கழகம் அது. படித்துக்கொண்டே மாணவர்களுக்கு அறப்போராட்டப் பயிற்சி கொடுத்தார். டயான் நாஷ், ஜான் லூயிஸ் போன்றவர்கள் அந்தப் பயிற்சியில் உருவானவர்கள். 1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள் நகரக் கடைகளின் சிற்றுண்டிப் பகுதிகளில் போய் உட்கார்ந்தார்கள். கறுப்பர்கள் அந்தக் கடையில் சாமான் வாங்கலாம். காசு கொடுத்தாலும் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. இரட்டைக் குவளை இருந்த தேநீர்க் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் வாண்டர்பில்ட் லாசனை வெளியேற்றியது. இறையியல் பேராசிரியர்கள் பலர் எதிர்த்துப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். இறுதியில் சமரசம் பேசப்பட்டபோது லாசன் பாஸ்டனுக்குப் போயிருந்தார். அதே ஆண்டு அங்கே பட்டம் பெற்றார். மே மாதம் நாஷ்வில் கடைகள் கறுப்பர்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின.

இப்போது அந்த வரியை மறுபடி படியுங்கள்: பாஸ்டன், 1960. பட்டம் பெற்ற ஆண்டும் துரத்தப்பட்ட ஆண்டும் ஒன்றே. பாஸ்டனின் பெயர் வரியில் இருக்கிறது. வாண்டர்பில்ட்டின் பெயர் இல்லை. பின்னாளில் வாண்டர்பில்ட் வருத்தம் தெரிவித்தது, சிறந்த பழைய மாணவர் விருது கொடுத்தது, வருகைப் பேராசிரியராக அழைத்தது, அவர் பெயரில் ஆய்வு நிறுவனமே அமைத்தது. லாசன் ஏற்றுக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நிறுவனத்தின் பெருமையாக மாற்றி எழுதும் இடத்தில்தான் வரலாறு திருடப்படுகிறது. மன்னித்தவர் லாசன் என்று எழுத வேண்டும்; மன்னிப்புக்குரிய செயல் என்ன என்பதையும் அடுத்த வாக்கியத்தில் எழுத வேண்டும்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் நான்கு தலித் மாணவர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதை இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2016 ஜனவரியில் ரோகித்தை இழந்தோம். அவர் இறந்த பிறகு அவர் தலித்தா இல்லையா என்று விசாரித்தார்கள். வெளியேற்றிய உத்தரவைப் பற்றிய கேள்வி, இறந்தவரின் சான்றிதழைப் பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. நினைவை யார் கையில் விடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

5. மெம்பிஸ்: பட்டியலில் வராத இருவர்

லாசனின் வாழ்க்கையில் நமக்கு மிக நெருக்கமான பகுதி மெம்பிஸ் நகரம். 1962 முதல் அங்கே சென்டினரி மெதடிஸ்ட் சபையின் போதகராக இருந்தார். 1968 பிப்ரவரி 1 அன்று மழை பெய்தது. குப்பை அள்ளும் தொழிலாளர்கள் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரும் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் இயங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. 11 நாள் கழித்து சுமார் 1,300 கறுப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற பதாகையை ஏந்தி நடந்தார்கள்.

போராட்டத்தை ஆதரித்த சமூகக் குழுவின் வியூகத் தலைவர் லாசன். ஒரு மனிதனை மனிதனல்ல என்று கருதுவதே இனவெறியின் மையம் என்று அந்த நாட்களில் அவர் பேசினார். கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவரும் அவரே. ஏப்ரல் 4 அன்று கிங் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்றது.

கோல், வாக்கர் இருவரும் எந்தக் கல்லூரியின் மறைந்தோர் பட்டியலிலும் வரமாட்டார்கள். ஆனால் லாசனின் வரியை அவர்கள் இல்லாமல் எழுத முடியாது. மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நம் மக்கள் இன்றும் மூச்சுத்திணறிச் சாகிறார்கள். 1993இலும் 2013இலும் சட்டம் வந்த பிறகும் சாகிறார்கள். படித்த ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது, அவர் யாருக்காக நின்றார் என்பதையும் அவர்கள் பெயரோடு எழுத வேண்டும் என்பதே மெம்பிஸ் நமக்குச் சொல்லும் விதி.

6. 1961: சிலுவையும் கொலைமரமும்

ஜேம்ஸ் கோன் ஆர்கன்சாவின் பியர்டன் என்ற சிற்றூரில், ரிச்சர்ட் ஆலன் தொடங்கிய கறுப்பு மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர். சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் உள்ள கேரட் மெதடிஸ்ட் கல்லூரியில் 1961இல் பட்டம் பெற்றார். 1965இல் முடித்த முனைவர் ஆய்வு சுவிஸ் நாட்டு இறையியலாளர் கார்ல் பார்த்தைப் பற்றியது. கறுப்பர்கள் தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு கறுப்பு மாணவர் கற்க வேண்டியிருந்தது ஐரோப்பிய இறையியலை. தன் சொந்த மக்களின் துயரம் அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு கேள்வியாகக்கூட இல்லை.

கிங் கொல்லப்பட்ட அடுத்த ஆண்டு, 1969இல், கோனின் முதல் நூல் 'கறுப்பு இறையியலும் கறுப்பு அதிகாரமும்' வெளிவந்தது. 2011இல் வந்த 'சிலுவையும் கொலைமரமும்' என்ற நூலில் அவர் கேட்ட கேள்வி எளியது. இயேசுவை மரத்தில் தொங்கவிட்டதை ஒவ்வொரு ஞாயிறும் பேசும் வெள்ளை இறையியலாளர்கள், தங்கள் ஊரில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டதை ஏன் சிலுவையோடு இணைத்துப் பார்க்கவில்லை?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால், மெம்பிஸ் போராட்டம் நடந்த அதே 1968 நம் முன் நிற்கிறது. டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த நாளின் இரவு. கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆராதனை நடத்தும் நம் திருச்சபைகள் அந்தக் குடிசையையும் தொழுவத்தையும் சேர்த்து எத்தனை முறை பேசியிருக்கின்றன?

பேச முயன்றவர்கள் இருந்தார்கள். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பின்னர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கென்று துறை உருவானபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. கோனின் நூல்கள் அந்த வகுப்பறைகளில் படிக்கப்பட்டன. எவன்ஸ்டனில் தன் மக்களைப் பாடத்தில் காணாத மாணவர் எழுதிய பதில், பெங்களூரிலும் சென்னையிலும் அதே குறையை உணர்ந்த தலித் மாணவர்களுக்கு வந்துசேர்ந்தது.

7. நம் பட்டியலை நாம் எழுதுவது

இந்தியாவிலும் மெதடிஸ்ட் இறையியல் கல்லூரிகள் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் 1872இலேயே ஒன்று தொடங்கப்பட்டது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியினரும் சமார் மக்களும் பெருந்திரளாக மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தபோது, கிராமம் கிராமமாக நடந்து சபைகளைத் தாங்கியவர்கள் அந்த மக்களிடையே உழைத்த ஊர்ப் போதகர்கள். தமிழ்நாட்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் திருவள்ளூரை அடுத்த ஈக்காடு போன்ற இடங்களில் பறையர் மக்களிடையே பணிசெய்தது. 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. ஈக்காடு என்றால் வில்லியம் கௌடி என்ற மிஷனரியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அவரோடு சேரிகளுக்கு நடந்த உபதேசியார்கள், வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டிய பெண்கள், இவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? மிஷன் அறிக்கைகளில் வெள்ளைக்காரர் பெயரோடு வருவார். நம்மவர் பெரும்பாலும் எண்ணிக்கையில் வருவார்.

அந்த எண்ணிக்கையைப் பெயராக்கும் வேலை நம்முடையது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இருக்கும்வரைதான் அது முடியும். இதைச் செய்ய விரும்பும் மாணவர்களுக்குச் சில குறிப்புகளைச் சொல்கிறோம்.

முதலாவது, ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இல்லாமல் பெயரை எழுதாதீர்கள். சாமுவேல், யோவான், தேவசகாயம், ஞானம்மாள் என்று ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஊரும் காலனியும் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று நிற்கும்.

இரண்டாவது, சபைப் பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு மூன்றும் முக்கியம். பழைய பதிவேடுகள் சிலவற்றில் தொழில், ஊர் பற்றிய குறிப்புகளும் கிடைக்கும். குடும்பங்களிடம் பிரசங்கக் குறிப்பேடு, கடிதம், இடமாற்ற உத்தரவு, அடக்க ஆராதனைத் தாள் இருக்கலாம். கறையான் தின்னும் முன் படமெடுத்து வையுங்கள். மூலத்தைக் குடும்பத்திடமே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பட்டத்தோடு நிற்காமல் கேளுங்கள். யார் செலவில் படித்தார்? விடுதியில் எங்கே படுக்க வைத்தார்கள்? எந்தச் சபைக்கு அனுப்பினார்கள், எந்தச் சபைக்கு அனுப்பவே இல்லை? சம்பளம் எவ்வளவு? ஊர்ச் சபையார் அவர் கையால் நற்கருணை வாங்கினார்களா? எந்தப் பதவிக்குப் பெயர் வந்து நின்றுபோனது? எங்கே புதைத்தார்கள்?

நான்காவது, மனைவியைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் மகள்களைக் கேளுங்கள். போதகர் மனைவி என்ற பெயரில் சம்பளமில்லாமல் ஒரு சபையையே நடத்திய பெண்களின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

ஐந்தாவது, குறைகளையும் எழுதுங்கள். சேரியிலிருந்து வந்து பதவி கிடைத்தபின் சேரியை மறந்தவர்கள் உண்டு. அருந்ததியர் மக்களைத் தள்ளி வைத்த தலித் போதகர்கள் உண்டு; தலித் பெண்களுக்குப் போதகர் பதவியை எதிர்த்தவர்களும் உண்டு. ஷாவைப் பற்றி எழுதும்போது நாம் வைத்த அளவுகோலை நம்மவர்களுக்கும் வைக்க வேண்டும்.

ஆறாவது குறிப்பு கடினமானது. சில குடும்பங்கள், "ஐயா படிச்சதை எழுதுங்க, ஊழியம் செஞ்சதை எழுதுங்க, சாதிய மட்டும் எழுதாதீங்க" என்பார்கள். அது வெறும் கூச்சம் அல்ல. கிறிஸ்தவ தலித்துகளுக்கு 1950 ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதியே இல்லை. அப்படியிருக்கும்போது வெளிப்படையாக எழுதினால் அவமானம் மட்டும் வந்துசேரும், உரிமை வராது என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. திருமணம், வாடகை வீடு, வேலை எல்லாவற்றிலும் விலை கொடுக்கப் போவது எழுதும் நாம் அல்ல, அவர்கள். ஆகவே அனுமதி இல்லாமல் அச்சிடாதீர்கள். ஆனால் வரலாற்றைக் கைவிடவும் வேண்டாம். பெயரை மறைத்து, மூடப்பட்ட கதவை மட்டும் எழுதலாம். முழுக் குறிப்பையும் குடும்பத்தின் பொறுப்பில் வைத்து, அவர்கள் ஒப்புக்கொள்ளும் காலத்தில் வெளியிடலாம்.

தோழர்களே, ஒரு நிறுவனம் இறந்தவரை நினைவுகூரும்போது தான் கொடுத்ததை எழுதும். மறுத்ததை எழுத வேண்டியவர்கள் நாம். மறுத்தது பதிவாகாவிட்டால் போராடியதும் பதிவாகாது. அடுத்த தலைமுறை மாணவர் தனக்கு நேர்வது தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று நினைத்துத் தனியாக உடைந்துபோவார். தனக்கு முன் ஒருவர் அதே வாசலில் நின்றார், என்ன செய்தார், யார் உடன் வந்தார்கள் என்று தெரிந்தால் அவர் தனியாக நிற்கமாட்டார்.

இந்த அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் உங்கள் ஊரில் மறைந்த ஒரு போதகர், ஓர் உபதேசியார், வேதம் வாசித்துக் காட்டிய ஒரு பெண், யாராவது ஒருவரின் வாழ்க்கையை இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் அவற்றை இங்கே வாசிப்போம். பெயர், ஊர், பட்டம், ஆண்டு எல்லாம் இருக்கட்டும். மூடப்பட்ட கதவு எது என்பதும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.